பார்க்க வருகிறார்கள்

ஆடியில் யாரும் வீடு பார்க்க வருவதில்லை. முன்பணம் கொடுப்பது, கிரயம் பேசுவது, பால் காய்ச்சுவது எல்லாவற்றையும் ஆவணி பிறக்கட்டும் என்று கொங்கு நாட்டில் தள்ளிவைத்துவிடுவார்கள். விற்க நினைத்திருப்பவனுக்கு இது நல்ல காலம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற காற்று சன்னல் கதவுகளை அடித்துக்கொண்டிருக்கிறது. தொடர்ந்து தூறல். ஆவணியில் மற்றவர்கள் பார்க்கப்போகும் வீட்டை அதற்கு முன் நான் ஒருதரம் முழுசாகப் பார்த்துவிட இந்த மாதம் இடம் கொடுக்கிறது.

கோவையில் சிங்காநல்லூர்ப் பக்கம் அப்பா கட்டிய வீடு இது. எழுபதுகளின் கடைசியில், மில் சம்பளத்தில், கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பியது. முன்னால் ஆசாரம், இரண்டு அறை, சமையலறை, பின்னால் பொடக்காளி, அங்கே ஒரு வேம்பு. அம்மா பொள்ளாச்சியில் அக்காவுடன் இருக்கிறாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டிக் கிடக்கிற வீடு வேகமாக மூப்படைகிறது. சன்னல் திறக்க ஆள் இல்லாததால் சுவரின் ஈரம் சுவரிலேயே நிற்கிறது.

*

வீட்டைச் சோதித்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் நம் ஊரில் குறைவு. ஆனால் சோதனை நடக்காமல் எந்த வீடும் கைமாறுவதில்லை. அதைப் பலர் பங்குபோட்டுச் செய்கிறார்கள்.

வாங்குகிறவர் முதலில் தனியாக வருவார். வாசலில் நின்று தெருவைத்தான் அதிகம் பார்ப்பார். அடுத்த தடவை குடும்பத்தோடு. அவருடைய அம்மா நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்ப்பார். மனைவி அலமாரிகளின் ஆழத்தைக் கையால் அளப்பார். பிறகு வாஸ்து பார்க்கிறவர் திசைகாட்டியோடு வந்து ஈசான மூலையில் என்ன இருக்கிறது, தெருக்குத்து உண்டா என்று கேட்பார். இவர்கள் எல்லோரையும் விட நான் மதிப்பது, கடைசியில் கூட வரும் கொத்தனாரை. அவர் அதிகம் பேச மாட்டார். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடப்பார். பூச்சு செங்கல்லை விட்டுக் கழன்றிருக்கும் இடத்தில் ஓசை மாறும். அங்கே மட்டும் ஒரு நொடி நின்று, மேலே பார்த்து, நடையைத் தொடர்வார். எத்தனை பூச்சுப் பூசினாலும் அந்தக் கைக்குத் தெரியாமல் போகாது.

வங்கிக் கடன் என்றால் இன்னும் இரண்டு பேர். ஒருவர் வங்கியின் வழக்கறிஞர். அவர் வீட்டுக்கே வர மாட்டார், காகிதங்களில்தான் வீட்டைப் பார்ப்பார். இன்னொருவர் மதிப்பீட்டாளர். அளவு நாடாவோடு வந்து, வரைபடத்தில் உள்ளதும் தரையில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கட்டடத்தின் வயதைக் கழித்து ஒரு தொகை எழுதுவார். கடைசியாகப் பதிவுத் துறையின் கள ஆய்வு. கட்டடம் உள்ள சொத்தைப் பதியும்போது நேரில் வந்து பார்ப்பார்கள்.

இவர்கள் ஒவ்வொருவரும் பார்ப்பது வேறு வேறு வீடு. இந்த வீட்டின் பன்னிரண்டு மாதத்தையும் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான். சித்திரையில் அது எப்படி இருக்கும், ஐப்பசியில் எப்படி இருக்கும் என்பது வந்து போகிற யாருக்கும் தெரியாது. நாங்கள் சொன்னால்தான் தெரியும்.

*

எங்கள் வீதியில் கரிமண். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பருத்திக்கு நல்ல மண், சுவருக்குக் கெட்ட மண். அதில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமம் தன் ஏடுகளுக்கு நடுவே தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்கிறது. வீட்டுக்கு நேர் அடியில் இருக்கும் மண்ணில் ஈரம் அதிகம் மாறுவதில்லை. சுற்று ஓரத்தில்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் ஓரச் சுவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகின்றன. சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு மேலே போகிறது. கோடை முற்றும்போது அகலமாகி, ஐப்பசி கார்த்திகை மழை நின்றதும் ஏறத்தாழ மூடிக்கொள்கிறது. பக்கத்தில் மரம் இருந்தால் வேர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சுவதால் கோடு இன்னும் பெரிதாகும்.

தென்கிழக்கு அறையில் அந்தக் கோடு இருக்கிறது. வேம்பும் அந்தப் பக்கம்தான்.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், ஈரம் மாறும் ஆழத்துக்குக் கீழே போய் அடியில் குமிழாக விரியும் கான்கிரீட் தூண்களை இந்த மண்ணுக்கென்றே உருவாக்கிக் கொடுத்தது. அப்பாவின் காலத்தில் ஒரு மில் தொழிலாளியின் கைக்கு அது எட்டியிருக்காது. அவர் கடைக்காலை வழக்கத்தைவிட ஆழமாகத் தோண்டி மணல் நிரப்பினார். பணம் இருந்த அளவுக்கு ஆழம்.

விரிசல் உயிரோடு இருக்கிறதா, நின்றுவிட்டதா என்று அறிய ஒரு பழைய முறை உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே வைத்து, இரு முனையிலும் சாந்தால் ஒட்டி, அன்றைய தேதியைச் சுவரில் எழுதிவிட வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். மாசியில் நான் ஒட்டிய துண்டு சித்திரையில் உடைந்திருந்தது. ஆக, விரிசல் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அது ஆண்டாண்டாக வளரவும் இல்லை. போன கோடையின் அகலத்தைத் தாண்டாமல்தான் இந்தக் கோடையும் நின்றது.

"சிமெண்டு வெச்சு அடைச்சு, மேல பட்டி இழுத்து, ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சுப்போட்டா ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் புரோக்கர். அவர் பொய் சொல்லவில்லை. ஆவணியில் ஒன்றும் தெரியாது. மண் அதற்குள் ஈரமாகிக் கோடு ஒடுங்கியிருக்கும். அடுத்த பங்குனியில், அந்த அறையில் புதிதாகக் கட்டில் போட்டுப் படுத்திருப்பவருக்குத் தெரியும்.

உடைந்த கண்ணாடியைச் சுவரில் அப்படியே விட்டிருக்கிறேன். தேதியோடு.

*

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் 55ஆம் பிரிவு விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் உள்ள கடமைகளைச் சொல்கிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை இவை எல்லாக் கிரயத்துக்கும் பொருந்தும். விற்பவனுக்கு அது சொல்லும் முதல் கடமை, விலையைப் பற்றியது இல்லை. சொத்தில் முக்கியமான குறை ஏதேனும் இருந்து, அது விற்பவனுக்குத் தெரிந்திருந்து, வாங்குபவனுக்குத் தெரியாமல் இருந்து, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவன் கண்ணில் படாது என்றால், அதை விற்பவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவு முடிக்கிறது.

நான் இதைப் பலதரம் படித்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியும் குறைக்குச் சட்டம் வாங்குபவனையே பொறுப்பாக்குகிறது. ஓடு உடைந்திருப்பதை அவனே பார்த்துக்கொள்ளட்டும். கண்ணுக்குத் தெரியாத குறையை மட்டும் விற்பவன் தலையில் வைக்கிறது. அப்படியானால், தெரிகிற குறையைப் பட்டி இழுத்துத் தெரியாத குறையாக மாற்றும்போது, நான் அந்தப் பொறுப்பை என் தலைக்கு நானே கொண்டுவருகிறேன்.

வாங்குபவனுக்கும் இதே பிரிவில் இதற்கு ஈடான கடமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சொத்தில் விற்பவனுக்கு இருக்கும் உரிமை அவன் நினைப்பதைவிடப் பெரியது, அதனால் மதிப்பும் கூடும் என்று வாங்குபவனுக்குத் தெரிந்திருந்தால், அவனும் அதை மறைக்கக் கூடாது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தனக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டம் எதிர்பார்ப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கலிபோர்னியாவில் 1987 முதல் விற்பவர் வீட்டின் குறைகளை ஒரு படிவத்தில் எழுதியே கொடுக்க வேண்டும். கூரை, குழாய், நிலம், அக்கம்பக்கத்து இரைச்சல் வரை அதில் கேள்விகள் உண்டு. இங்கே படிவம் இல்லை. கடமை மட்டும் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் சட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"குடியிருக்கப் போறவங்க கண்ணு. எது எங்க ஒழுகும்னு சொல்லிப்போடோணும். நாளைக்கு அவிய வயிறெரிஞ்சு பேசுனா நல்லாவா இருக்கும்?"

*

எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று இந்த மாதம் முழுவதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சுத்தம் செய்வதற்கும் மூடி மறைப்பதற்கும் நடுவே கோடு எங்கே போகிறது?

எனக்குக் கிடைத்த அளவுகோல் ஒன்றுதான். நான் செய்கிற வேலை அடுத்த ஐப்பசி மழையையும் அதற்கடுத்த பங்குனி வெயிலையும் தாண்டி நிற்குமா? நிற்கும் என்றால் அது பழுதுபார்ப்பு. கிரயம் முடிகிற வரைக்கும் தாங்கினால் போதும் என்று செய்வது வேறு.

மேற்குச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. தேய்த்துவிட்டுப் பெயிண்ட் அடிப்பதுதான் எல்லோரும் சொன்ன வழி. வெளியே போய்ப் பார்த்தால், அம்மா வளர்த்த செம்பருத்திக்காகச் சுவரை ஒட்டி அணைத்த மண் வீட்டின் தரைமட்டத்துக்கு மேலேயே ஏறி நின்றது. தரைமட்டத்தில் ஈரம் மேலேறாமல் இருக்கப் போட்ட தடுப்பைத் தாண்டி மண் ஏறிவிட்டால், அப்புறம் அந்தத் தடுப்புக்கு வேலை இல்லை. செங்கல் தண்ணீரைக் குடிக்கிறது, தண்ணீரோடு மண்ணின் உப்பும் ஏறுகிறது, தண்ணீர் ஆவியானதும் உப்பு மட்டும் சுவரில் தங்கிப் பூச்சைப் பெயர்க்கிறது. ஆடிச் சாரல் மேற்கிலிருந்துதான் அடிக்கும் என்பதால் அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் நனைவு. செம்பருத்தியை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டு, மண்ணை ஓரடிக்குக் கீழே இறக்கி, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுத்தோம். உள்ளே தளர்ந்த பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு மட்டும் அடித்தோம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். பிளாஸ்டிக் பெயிண்ட் விடாது, உள்ளேயே அடைத்து வைத்துக் கொப்பளிக்கும்.

சுவர் இப்போதும் கறையோடுதான் இருக்கிறது. ஆனால் காய்ந்துகொண்டிருக்கிறது. காய்வதற்கு ஒரு கோடை வேண்டும்.

மாடியில் வேலை குறைவு. தட்டோடு பதித்த தளம், அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். மழைநீர் இறங்கும் வாயில் வேம்பின் இலை அடைத்திருந்தது. எடுத்தோம். கோவையில் மேற்குச் சாரல் சுவரைத்தான் நனைக்கும். தளத்தைச் சோதிப்பது ஐப்பசியில் கொட்டுகிற வடகிழக்கு மழை. அதற்குக் காத்திருக்க முடியாததால் சுற்றிலும் மண்ணால் கரை கட்டி ஓர் இரவு முழுவதும் தண்ணீரை நிறுத்திவைத்தேன். கீழே எங்கும் கசியவில்லை. வாசல் சன்ஷேடின் ஓரத்தில் மட்டும் கான்கிரீட் உப்பி, உள்ளே கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. அதைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டிப் பழுதுபார்க்க ஆள் சொல்லியாயிற்று. தலைமேல் விழக்கூடியதை விலை குறைத்துக் கொடுத்துச் சமாதானம் செய்துவிட முடியாது.

மின்சாரமும் அப்படியே. பழைய வயரை மாற்றி, எர்த் சரிபார்த்து, கசிவு ஏற்பட்டால் தானே அணையும் பிரேக்கர் வைத்தாயிற்று.

*

கோவையில் வீடு பார்க்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி எத்தனை சென்ட் என்பதாக இருக்காது. "சிறுவாணியா, பில்லூரா? எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இந்த ஊர் தண்ணீருக்காக நீண்ட காலம் காத்திருந்த ஊர். சிறுவாணி மலைத் தண்ணீரை நகருக்குக் கொண்டுவரப் பாடுபட்ட நகராட்சித் தலைவர் இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத்தான் ஆர்.எஸ். புரம் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. வேறு ஊர்க்காரர்களுக்கு அது கடைவீதி. எங்கள் தாத்தா காலத்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் குழாயில் வந்த தண்ணீர்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் பக்கம் பில்லூர்த் தண்ணீர். அதற்கு ஒரு தொட்டி, ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீருக்கு ஒரு தொட்டி. குழாயும் தனித்தனி. எந்தக் குழாயில் எது வரும் என்பது எங்கள் கைக்குப் பழக்கம். புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. நல்ல தண்ணீர்க் குழாய்களுக்கு மட்டும் நீலப் பட்டை அடித்துவைத்தேன். இரண்டு தொட்டியையும் காலிசெய்து தேய்த்துக் கழுவினோம். நிலத்தடியில் இருக்கும் தொட்டியின் மூலையில் மயிரிழை போல ஒரு கசிவு. நிரப்பி மூடி, ஒரு நாள் கழித்து மட்டத்தை அளந்தபோது தெரிந்தது. அதை அடைத்தாயிற்று.

போர் மோட்டாரைப் போட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். 1937இல் நாட்டின் முதல் மின்மோட்டாரை ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உருவாக்கிக் காட்டிய ஊர் இது. இங்கே பாதிக் குடும்பங்களில் மோட்டாரோ பம்போ செய்கிற பட்டறையில் வேலை பார்த்த ஒருவராவது இருப்பார். வாங்க வருகிறவரும் அப்படி ஒருவரை அழைத்து வருவார். பேரிங் தேய்ந்த ஓசையை அவரிடமிருந்து மறைக்க வழியே இல்லை. எங்கள் மோட்டார் நன்றாக இருக்கிறது. ஆழ்துளையில் சித்திரை வைகாசியில் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வரும். அதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் இல்லை என்பதை மறைத்து விற்பது எனக்கு எல்லாவற்றிலும் கொடியதாகத் தோன்றுகிறது. கோடையில் குடத்தோடு நிற்கப்போவது அந்த வீட்டுப் பெண்கள்தான்.

2003இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா தோண்டிய குழி பொடக்காளி ஓரத்தில் இருக்கிறது. மண் மூடிப் புல் முளைத்திருந்தது. கூழாங்கல்லை எடுத்துக் கழுவி, அடியில் படிந்த சேற்றை அள்ளி, திரும்பப் போட்டேன். இந்த ஐப்பசியில் தண்ணீர் உள்ளே இறங்கும்.

*

2019 டிசம்பர் 2ஆம் தேதி விடிவதற்கு முன், மேட்டுப்பாளையம் நடூரில் பெரிய கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று மழையில் இடிந்து ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது. தூக்கத்தில் இருந்த 17 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். எல்லோரும் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த உழைப்பாளிக் குடும்பத்தினர். இங்கிருந்து மேட்டுப்பாளையம் அதிக தூரம் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த காலை எனக்கு மறக்கவில்லை.

வீட்டை விற்கத் தயார்செய்கிறவர்கள் சுற்றுச்சுவருக்கு உள்பக்கம்தான் வண்ணம் அடிக்கிறார்கள். சுவரின் அந்தப் பக்கம் வாங்குகிறவருக்கும் தெரிவதில்லை, மதிப்பீட்டாளரும் எட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் தரை மூன்றடி தாழ்வு. அங்கே ஒரு சந்து, அதை ஒட்டி வாடகை வீடுகள், சுவரின் நிழலில் பிள்ளைகள் விளையாடும். எங்கள் பக்கத்து மண்ணையும் அந்தச் சுவர் தாங்கி நிற்கிறது. கரிமண் நனைந்து உப்பினால் எவ்வளவு பலத்தோடு சுவரைத் தள்ளும் என்பது தென்கிழக்கு அறையைப் பார்த்தவனுக்குத் தெரியும். நீர் வடியும் துளைகள் வைக்காமல் கட்டியிருந்தார்கள்.

கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். சுவரை ஒட்டிய மண்ணை இறக்கச் சொன்னார், துளை போட்டுப் பின்னால் ஜல்லி நிரப்பச் சொன்னார், வெளியே தள்ளியிருந்த ஒரு பகுதியை இடித்துக் கட்டச் சொன்னார். எல்லாவற்றையும் செய்தோம். ஆன செலவில் ஒரு ரூபாய்கூட விலையில் ஏறாது என்று புரோக்கர் வருத்தப்பட்டார். இந்த வீட்டில் செய்த வேலைகளிலேயே இதைத்தான் நான் முதலில் செய்தேன்.

*

காகிதங்கள்.

அப்பாவின் பீரோவில் ஒரு துணிப்பையில் இருந்தன. மூலப் பத்திரம், அப்பா வாங்கிய கிரயப் பத்திரம், கட்டட அனுமதி வரைபடம், வீட்டு வரி ரசீதுகள். பழைய பத்திரத்தின் எழுத்தில் நான்கு எல்லையும் சொல்லப்பட்டிருக்கிறது. வடக்கே இன்னாருடைய களம், கிழக்கே இட்டேரி. களமும் இல்லை, இருபுறமும் வேலி நின்ற இட்டேரிப் பாதையும் இல்லை. நான்கு பக்கமும் வீடுகள். பத்திரத்தில் மட்டும் இங்கே இன்னும் கள்ளிவேலி இருக்கிறது.

வில்லங்கச் சான்றை இப்போது வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம், 1975 முதல். வங்கிகள் வழக்கமாக முப்பது ஆண்டுக்குக் கேட்கும். பட்டா பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம், வரி நிலுவை எல்லாம் அலைச்சல்தான், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது வாரிசுச் சான்று பற்றி. வீடு அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம். அவர் உயில் எழுதவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அப்பத்தா அப்பாவுக்கு முன்பே போய்விட்டாள். அதனால் மூன்று பங்கு, மூன்று கையெழுத்து. பூர்விகச் சொத்தில்கூடப் பெண்ணுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. அன்றைக்கு மணமாகாமல் இருந்த பெண்களுக்கு மட்டும் அது கிடைத்தது. நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது 2005இல்.

ஆனாலும் கொங்குக் குடும்பங்களில் இன்னும் நடப்பது எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குச் சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, இனி விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடு என்பார்கள். பொறந்தவன் உறவு வேண்டும் என்பதற்காக அவளும் போட்டுக் கொடுப்பாள். வாங்குகிறவர் காகிதம் சரியாக இருப்பதைப் பார்த்துத் திருப்தியாவார். அந்தப் பெண்ணின் மனதில் இருப்பது எந்த வில்லங்கச் சான்றிலும் வராது. எங்கள் வீட்டிலும் பெரியவர் ஒருவர் அந்தப் பேச்சை எடுத்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், மூன்றில் ஒரு பங்கு அக்காவுக்கு, அவள் விற்பவர்களில் ஒருத்தியாக உட்கார்ந்து கையெழுத்துப் போடுவாள், பணம் அவள் கணக்குக்கு நேராகப் போகும் என்று. சுவர் விரிசலைச் சொல்லிவிட்டு இதை மறைத்தால் நான் எதையுமே சொல்லாதவன்தான்.

விலையையும் உள்ளபடி எழுத வேண்டும் என்று புரோக்கரிடம் சொல்லியிருக்கிறேன். வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதி கையில் என்கிற பேச்சு வேண்டாம். முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. வாங்குகிறவருக்குச் சுமைதான். பேரம் பேசும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளலாம். பத்திரத்தில் பொய்த் தொகை இருக்கக் கூடாது.

*

சமையலறைக்குப் பின்னால் தரையில் பதித்த ஆட்டுக்கல் இருக்கிறது. வெட் கிரைண்டர் வந்த பிறகு குழவி மூலைக்குப் போய்விட்டது, கல் மட்டும் அங்கேயே. பார்க்க வருகிறவர்கள் அதைப் பெயர்த்துவிடச் சொல்வார்கள் என்கிறார் புரோக்கர். அக்காவிடம் போனில் கேட்டேன். "குழவிய மட்டும் பொள்ளாச்சிக்கு அனுப்பிச்சிரு. கல்லு அங்கயே இருக்கட்டும்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் வேறு எதையோ பேசினோம்.

காலியான அறையில் நின்றால் தரை தெரிகிறது. சிவப்பு ஆக்சைடு தரை. கட்டில் இருந்த இடம் மட்டும் கருஞ்சிவப்பாகவே இருக்கிறது. நடந்த இடமெல்லாம் வெளிறிப்போயிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளக்கும் என்று அம்மா சொல்கிறாள். துடைத்தேன். பளபளக்கிறது. வெளிறியது வெளிறியபடியே பளபளக்கிறது. இந்த வீட்டுக்குள் நாங்கள் எந்த வழியாக நடந்தோம் என்பது இத்தனை தெளிவாக எனக்கு இதுவரை தெரிந்ததில்லை. சமையலறைக்கும் ஆசாரத்துக்கும் நடுவில்தான் ஆழமான தடம். அது அம்மா நடந்தது.

விற்பது பற்றி எனக்கு வருத்தம் இருக்கிறது. ஆனால் பூட்டி வைத்து மூப்படைய விடுவதைவிட, ஒரு குடும்பம் சன்னலைத் திறந்து குடியிருப்பது வீட்டுக்கு நல்லது என்று உறுதியாக நம்புகிறேன். அந்தக் குடும்பம் இதை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், இதைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

அதனால் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். குடிநீர்க் குழாயின் வால்வு வாசல் படியிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை அடியில். ஆழ்துளையின் ஆழம், மோட்டார் இறக்கியிருக்கும் மட்டம். எந்த சுவிட்சு எந்த அறைக்கு. தென்கிழக்குச் சுவரின் விரிசல் எந்த மாதம் விரியும், எந்த மாதம் மூடும், எவ்வளவு அகலம் வரை வந்திருக்கிறது. வேம்பை வெட்டச் சொல்லி எழுத மனம் வரவில்லை. கிளைகளை வருடா வருடம் கழித்துவிடவும் என்றும், வீட்டைச் சுற்றி மூன்றடிக்காவது தளம் போட்டால் ஓரத்து மண்ணில் ஈரம் அவ்வளவாக மாறாது என்றும் எழுதினேன். மேற்குச் சுவரை ஒட்டி மண் அணைக்க வேண்டாம். பின்சுவரின் துளைகளை மழைக்கு முன் குத்திவிட வேண்டும். கனமழையில் வீதிமுனையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், வீட்டுக்குள் வந்ததில்லை. பால் யார் கொண்டுவருவார், காய்கறி வண்டி எப்போது வரும் என்பதும் அதில் சேர்ந்துவிட்டது.

முன்பணம் வாங்குவதற்கு முன்பே இதைப் படிக்கக் கொடுத்துவிடுவேன். படித்துவிட்டு வேண்டாம் என்று போகிறவர் போகட்டும். விலையைக் குறைக்கச் சொல்கிறவரிடம் உட்கார்ந்து பேசலாம்.

*

பாக்கி இருப்பது கழிவுநீர்த் தொட்டி. எங்கள் வீதிக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் வரவில்லை. தொட்டியைக் காலிசெய்யாமல் கொடுப்பது முறையாகாது. குறைந்த கூலிக்கு ஆளை விட்டு எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். மனிதனை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதைச் செய்ய மாட்டேன். உரிமம் உள்ள லாரிக்குச் சொல்லியிருக்கிறேன். குழாய் போட்டு உறிஞ்சி எடுப்பார்கள். ஆவணி பிறப்பதற்கு முந்தின வாரம் வருவதாகச் சொன்னார்கள். அதற்குள் மூடியைச் சுற்றி இறுகியிருக்கும் மண்ணை வெட்டி எடுத்து, தொட்டியின் நீள அகலத்தையும் நோட்டில் குறித்துவிட வேண்டும்.